ஹால் சுவருக்கு பீஜ்: ஷேட் கார்டை எடுப்பதற்கு முன் தரையைப் பாருங்கள்

என் ஹாலுக்கு முதன்முதலாக நான் தேர்ந்தெடுத்த பீஜ், ஷேட் கார்டில் நன்றாகத்தான் இருந்தது. டப்பாவைத் திறந்தபோதும் நன்றாகத்தான் இருந்தது. முதல் கோட் முடிந்து, சாயங்காலம் விளக்கைப் போட்டதும் சுவர் முழுக்க ரோஸ். "அண்ணே, என்ன இது, ரோஸ் அடிக்குதே?" என்று பெயிண்டரிடம் கேட்டேன். "காயட்டும் சார், காஞ்சா சரியாயிடும்" என்றார். காய்ந்தது. சரியாகவில்லை. முன்பைவிட ஒரு பிடி அழுத்தமான ரோஸாக ஆனதுதான் மிச்சம். அவரைக் குறை சொல்ல முடியாது. பெயிண்டையும் குறை சொல்ல முடியாது. டப்பாவில் இருந்தது கார்டில் இருந்த அதே நிறம்தான். என் தரையில் பச்சை ஓடிய சாம்பல் டைல்ஸ் கிடக்கிறது என்பதை யோசிக்காமல் போனது நான்தான்.

பீஜ் என்றால் பாதுகாப்பு, எதை எடுத்தாலும் தப்பாகாது என்று நினைத்துத்தான் பலரும் அதற்குப் போகிறார்கள். உண்மையில் சிவப்பையும் நீலத்தையும்விட இதில்தான் ஏமாறுவது சுலபம். அடர் நீலத்தை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது நீலம்தான். பீஜில் நிறம் என்று இருப்பதே கொஞ்சூண்டு. வெள்ளையில் ஒரு துளி மஞ்சள், ஒரு துளி சிவப்பு, ஒரு துளி கறுப்பு, அவ்வளவுதான். இவ்வளவு மெலிந்த நிறம் என்பதால் பக்கத்தில் நிற்பவர் பேச்சையெல்லாம் கேட்டு ஆடும். அதனால் பீஜைக் கடையில் தேர்ந்தெடுக்க முடியாது. உங்கள் ஹாலில், உங்கள் தரைக்கு மேலே, உங்கள் விளக்கின் கீழே வைத்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாமே அதைச் செய்யும் வழிதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பீஜ் என்பது பிரெஞ்சுச் சொல். சாயம் ஏற்றாத, வெளுக்காத கம்பளியைக் குறிக்க வந்தது. சந்தனக் கலர், மணல் கலர், பிஸ்கட் கலர், கிரீம் என்று நாம் ஆளுக்கொரு பெயரில் சொல்வதெல்லாம் இதே குடும்பம்தான். ஆனால் பெயிண்டரிடம் "சந்தனக் கலர் அடிச்சிடுங்க" என்றால் அவர் மனதில் ஒரு சந்தனம், உங்கள் மனதில் வேறொரு சந்தனம். பெயரைச் சொல்லாதீர்கள், ஷேட் எண்ணைச் சொல்லுங்கள். வலைப்பக்கம் எழுதுபவர்கள் பீஜ் என்று குறித்தால் கணினித் திரை காட்டும் நிறத்தின் எண்கள் 245, 245, 220. சிவப்பும் பச்சையும் சம அளவு என்பதால் அது வெளிறிய ஒரு மஞ்சள்தான். அதைப் பார்த்துவிட்டு "இதே மாதிரி வேண்டும்" என்று கடைக்குப் போனால் எலுமிச்சை வாடை அடிக்கும் சுவரோடுதான் திரும்பி வருவீர்கள்.

முதல் வேலை: மாறாத பொருட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஹாலின் நடுவில் நின்று ஒரு சுற்று பாருங்கள். அடுத்த பத்து வருடத்துக்கு எதெல்லாம் அப்படியே இருக்கும்? முதலில் தரை. அப்புறம் மரக் கதவும் ஜன்னல் சட்டமும். புதிதாக வாங்கிய சோபா இருந்தால் அதுவும். திரைச்சீலை, கம்பளம், குஷன் உறை எல்லாம் இந்தப் பட்டியலில் வராது. சுவருக்கு ஏற்றபடி அவற்றை மாற்றிக்கொள்ளலாம். தரைக்கு ஏற்றபடி சுவர்தான் மாற வேண்டும், சுவருக்கு ஏற்றபடி தரையை யாரும் பெயர்ப்பதில்லை.

தரையின் நிறத்தை ஒரே சொல்லில் எழுதிப் பாருங்கள். "வெள்ளை" என்று எழுதினால் போதாது. எந்த வெள்ளை? ஒரு வெள்ளை ஏ4 தாளைத் தரையில் போட்டுப் பாருங்கள். வெள்ளை என்று இத்தனை நாள் நினைத்திருந்த டைல்ஸ், தாளுக்குப் பக்கத்தில் மஞ்சளாகவோ சாம்பலாகவோ லேசான ரோஸாகவோ தன் நிறத்தைக் காட்டிவிடும். (தாளிலேயே வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள், அதனால் அது கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு பார்த்தால் போதும்.) பளிங்கு, கிரானைட் மாதிரி பல நிறம் ஓடும் கல்லாக இருந்தால், கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். கோடுகளும் புள்ளிகளும் மங்கி, மொத்தமாக ஒரு நிறம் நிற்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

தரைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தில் பெரும்பகுதி முதலில் தரையில்தான் விழுகிறது. அங்கே பட்டுத் தெறித்து, தரையின் நிறத்தையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சுவருக்கு வருகிறது. சிவந்த தரையுள்ள ஹாலில் சுவரின் கீழ்ப்பகுதி மேல்பகுதியைவிடச் சற்றுச் சிவந்து தெரிவது இதனால்தான். ஜன்னலுக்கு வெளியே அடர்ந்த மரம் இருந்தால் பச்சை உள்ளே வரும். எதிர்வீட்டுச் செங்கல் சுவரில் வெயில் பட்டால் ரோஸ் உள்ளே வரும்.

இது போதாதென்று நம் கண்ணும் தன் பங்குக்கு ஒன்று செய்யும். பாரிஸில் கோபலான் நெசவாலையில் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மிஷெல் யூஜின் செவ்ரல் என்ற வேதியியலாளர். அங்கே சாயமிட்ட கறுப்பு நூல் போதுமான கறுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் அந்த நூலை வைத்து நெய்ததால்தான் கறுப்பு வெளிறித் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளுகின்றன என்று 1839இல் அவர் விரிவாக எழுதி வெளியிட்டார். என் ஹாலில் நடந்ததும் அதேதான். டைல்ஸில் பச்சை, பச்சைக்கு எதிர் சிவப்பு, பீஜில் ஏற்கனவே ஒளிந்திருந்த கொஞ்சம் சிவப்பு, ரோஸாக மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

தெறித்து வரும் ஒளி ஒரு பக்கம் இழுக்கும், கண் இன்னொரு பக்கம் இழுக்கும். இரண்டும் சேர்ந்து உங்கள் ஹாலில் என்ன செய்யும் என்று காகிதத்தில் கணக்குப் போட முடியாது. நிறம் அடித்த ஒரு பலகையை ஹாலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெளிச்சம்

ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது? கிழக்கு என்றால் காலையில் இளஞ்சூட்டு வெளிச்சம், மதியத்துக்கு மேல் வெளிறிப்போகும். மேற்கு என்றால் அப்படியே தலைகீழ்; மாலை நான்கு மணிக்கு மேல் சுவர் ஆரஞ்சாகத் தெரியும், மஞ்சள் தூக்கலான பீஜ் அந்த நேரத்தில் கண்ணை உறுத்தும். பூமியின் வட பாதியில், நிலநடுக்கோட்டிலிருந்து விலகி இருப்பவர்களுக்கு வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அதிகம் வராது. வானத்திலிருந்து வரும் நீலம் கலந்த ஒளிதான் நாள் முழுக்க. தென் பாதியில் இருப்பவர்களுக்குத் தெற்கு ஜன்னல் அப்படி. இப்படிப்பட்ட ஹாலில் சாம்பல் கூடிய பீஜ் அடித்தால் சுவர் ஈரச் சிமெண்ட் மாதிரி தோன்றும். மஞ்சளோ இளஞ்சிவப்போ கொஞ்சம் உள்ளதாக எடுத்தால் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் நேர்மையாகச் சொல்லுங்கள், ஹாலில் நீங்கள் எப்போது உட்காருகிறீர்கள்? பெரும்பாலோருக்கு இருட்டிய பிறகுதான். அப்படியென்றால் ஜன்னலைவிட பல்புதான் முக்கியம். பல்பின் அட்டைப்பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 2700, 3000 என்றால் மஞ்சள் ஒளி. 4000 நடுவாந்தரம். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. ஒரே பீஜ் 2700இல் இளஞ்சூடாகவும் பீச் சாயலோடும் இருக்கும். 6500இல் சத்தெல்லாம் வற்றி சாம்பலாகிவிடும். ஆகவே வரிசை மாறக் கூடாது. முதலில் ஹாலில் எந்த பல்பு என்று முடிவு செய்து மாட்டிவிடுங்கள், பிறகு நிறம் தேடுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு பல்பை மாற்றினால் சுவரையே மாற்றிய மாதிரிதான். அதே பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று இன்னோர் எண் இருக்கும். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. சாதாரண எல்.இ.டி. பல்புகளில் 80 இருக்கும். 90க்கு மேல் கிடைத்தால் வாங்குங்கள். பீஜ் மாதிரி மெலிந்த நிறத்தில் அந்த வித்தியாசம் தெரியும்.

உள்நிறம்: எல்லாத் தகராறும் இங்கேதான்

அண்டர்டோன் என்பார்கள். நான் உள்நிறம் என்கிறேன். மேலே பார்த்தால் பீஜ், உள்ளே மஞ்சளா, ரோஸா, பச்சையா, ஆரஞ்சா, சாம்பலா என்பதுதான் கேள்வி. சாம்பல் ஓங்கியிருந்தால் அதற்கு கிரேஜ் என்று தனிப் பெயரே வந்துவிட்டது.

ஒரு ஷேட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உள்நிறம் தெரியாது. கண் அதற்குப் பழகிவிடும், எல்லாமே "பீஜ்" என்று சொல்லிவிடும். நான்கைந்து பீஜ் அட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பரப்புங்கள். ஒரு நிமிடத்தில் ஒன்று ரோஸாகிவிடும், ஒன்று பச்சையாகிவிடும். இன்னொரு வழி, ஷேட் கார்டில் அந்தப் பட்டையின் அடிப்பக்கம் இருக்கும் மிக அடர்ந்த நிறத்தைப் பார்ப்பது. மேலே பூனை மாதிரி இருப்பது அங்கே தன் சுயரூபத்தைக் காட்டும். அடர்த்தியான கட்டம் செங்கல் மாதிரி இருந்தால் மேலே உள்ள பீஜில் சிவப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஆலிவ் பச்சை மாதிரி இருந்தால் பச்சை. ஆனால் எல்லா நிறுவனங்களும் ஒரே நிறத்தை வெளுத்து வெளுத்துப் பட்டை போடுவதில்லை, அதனால் இதை மட்டுமே நம்ப வேண்டாம்.

நம்பலாம் என்றால் ஒட்டுச்சீட்டை நம்பலாம். கடையில் மெஷினில் கலந்து தரும் பெயிண்டின் மூடியிலோ பக்கத்திலோ ஒரு சின்னச் சீட்டு ஒட்டித் தருவார்கள். பாதிப் பேர் அதைப் பார்ப்பதேயில்லை. வெள்ளை பேஸில் எந்தெந்தச் சாயம் எத்தனை அளவு விழுந்தது என்ற சமையல் குறிப்பு அது. பீஜுக்குப் பெரும்பாலும் விழுவது இரும்பு ஆக்சைடு சாயங்கள்: மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கூடவே கறுப்பு அல்லது மண்பழுப்பு. வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. சீட்டில் சாயங்களின் பெயருக்குப் பதில் குறியெழுத்துகள்தான் இருக்கும். கலப்பவரிடம் கேட்டால் எது எது என்று சொல்வார். மஞ்சளும் கறுப்பும் மட்டும் விழுந்திருந்தால் அந்த பீஜ் பச்சைப் பக்கம் சாயும், ஏனென்றால் மஞ்சளில் கறுப்பு கலந்தால் ஆலிவ்தான் வரும். சிவப்பின் பங்கு கூடினால் ரோஸுக்குப் போகும். என் ஹால் டப்பாவின் சீட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். மூன்று வரி. மஞ்சளுக்குச் சமமாகச் சிவப்பு விழுந்திருந்தது. வாங்கும்போதே படித்திருந்தால் ஒரு கோட் பெயிண்டும் இரண்டு நாள் கூலியும் மிச்சம்.

சரி, எந்த உள்நிறத்தை எடுப்பது? ரோஸ் சாயல் உள்ள தரைக்கும் கல்லுக்கும் மஞ்சள் பீஜை வைக்காதீர்கள். இரண்டில் ஒன்று அழுக்காகத் தெரியும், பெரும்பாலும் அது சுவர்தான். மஞ்சளோ தேன் நிறமோ உள்ள மரத்துக்குப் பச்சை சாயும் பீஜ் நன்றாகப் பொருந்தும், மரத்தின் ஆரஞ்சை அடக்கிக் காட்டும். சாம்பல் தரைக்கு கிரேஜ். அடர் பழுப்பு மரம் ஏறக்குறைய எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். ஐயமாக இருந்தால் உள்நிறம் குறைந்ததை, அதாவது கொஞ்சம் சாம்பல் பக்கம் உள்ளதை எடுங்கள் என்பேன். காரணம், சுவரில் நிறம் கூடும். அட்டையில் இரண்டு விரல் அகலம் இருக்கும் நிறம், நாலு சுவரிலும் ஏறியதும் ஒரு சுவரின் ஒளி இன்னொரு சுவரில் பட்டு, அது மறுபடி இங்கே பட்டு, மஞ்சள் இன்னும் மஞ்சளாகும், ரோஸ் இன்னும் ரோஸாகும். அட்டையில் "அட, கொஞ்சம் டல்லாக இருக்கிறதே" என்று தோன்றுவது சுவரில் சரியாக இருக்கும். அட்டையிலேயே அழகாக இருப்பது சுவரில் மிஞ்சிப்போகும்.

எவ்வளவு வெளிர்?

நிறுவனங்களின் ஷேட் விவரங்களில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் பார்த்திருப்பீர்கள். சுவரில் விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதன் அளவு. 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. சுவருக்கு அடிக்கும் பீஜ் வகைகள் பெரும்பாலும் 50க்கும் 70க்கும் இடையில் வரும். அதற்கு மேலே போனால் கிரீம், ஆஃப் ஒயிட்; கீழே போனால் பழுப்பு. வெளிச்சம் குறைந்த ஹாலுக்கு 65க்குப் பக்கத்தில் எடுங்கள். பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம் என்றால் 55 வரை இறங்கலாம். அங்கே 70ஐ எடுத்தால் நண்பகலில் சுவர் வெளுத்து, பீஜ் அடித்ததே தெரியாமல் போகும்.

இந்த எண் எவ்வளவு வெளிர் என்பதை மட்டும்தான் சொல்லும், என்ன நிறம் என்று சொல்லாது. ஷெர்வின் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க பெயிண்ட் நிறுவனத்தின் 'அக்செசிபிள் பீஜ்' ஷேட்டுக்கு எல்.ஆர்.வி. 58. அதே நிறுவனத்தின் 'அக்ரியபிள் கிரே'வுக்கு 60. பெயரில் ஒன்று பீஜ், ஒன்று சாம்பல். எண்ணில் ஏறக்குறைய ஒன்று. தனித்தனி வீட்டில் பார்த்தால் இரண்டையும் கிரேஜ் என்றுதான் சொல்வீர்கள். ஷேட்டின் பெயர் விற்பனைக்கு வைத்த பெயர். அதைப் பார்த்து வாங்காதீர்கள்.

பலகை சோதனை

இதை மட்டும் தவிர்க்காதீர்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் செய்தாலும் பாதி கிணறு தாண்டிவிடலாம்.

மூன்று ஷேட்களுக்கு மேல் வேண்டாம். ஏழெட்டு எடுத்தால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்லி, கடைசியில் வெள்ளையே அடித்துவிடலாம் என்று முடியும். மூன்றையும் சின்ன டப்பாவில் வாங்குங்கள். கெட்டியான வெள்ளை அட்டை அல்லது மெல்லிய பலகை, ஒவ்வொன்றும் இரண்டடிக்கு இரண்டடி. சார்ட் பேப்பர் வேண்டாம், ஈரத்தில் சுருண்டுவிடும். பிரஷ்ஷில் அடிக்காமல், சுவருக்கு எதில் அடிப்பார்களோ அந்த மாதிரி சின்ன ரோலரில் இரண்டு கோட் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். எமல்ஷன் பெயிண்ட் ஈரத்தில் பால் கலந்த மாதிரி வெளிறி இருக்கும், காயக் காயத்தான் அழுத்தமாகும். ஈரத்தில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். (என் பெயிண்டர் "காஞ்சா சரியாயிடும்" என்றபோது இது எனக்குத் தெரியாது.) அட்டையின் ஓரம் வரைக்கும் அடியுங்கள். நடுவில் வெள்ளை விளிம்பு நின்றால் சோபாவுக்கும் நிறத்துக்கும் குறுக்கே வேலி போட்ட மாதிரி ஆகிவிடும்.

சுவரிலேயே மூன்று கட்டமாக அடித்துப் பார்த்தால் என்ன என்று கேட்பார்கள். பழைய சுவர் இளம்பச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் எந்த பீஜும் ரோஸாகத்தான் தெரியும். மூன்று கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தள்ளும். அதோடு ஒரே சுவரில்தான் பார்க்க முடியும். பலகையை நகர்த்தலாம். பழைய சுவர் அழுத்தமான நிறமாக இருந்தால் பலகைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பலகையைச் செங்குத்தாக நிறுத்துங்கள், சுவர் எப்படி நிற்கிறதோ அப்படி. படுக்கவைத்துப் பார்த்தால் கூரை வெளிச்சம் நேராக விழுந்து வெளிறிக் காட்டும். முதலில் சோபாவின் காலுக்குப் பக்கத்தில், அடி தரையில் படும்படி. ஒரு பலகை மட்டும். மற்ற இரண்டையும் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். காலையில், நண்பகலில், மாலை வெளிச்சம் மங்கும்போது, பிறகு விளக்கு போட்டு என்று நான்கு வேளை. அப்புறம் எதிர்ச் சுவர், பக்கச் சுவர், ஜன்னல் இருக்கும் சுவர். ஜன்னல் சுவரில் எந்த நிறமும் இருண்டுதான் தெரியும், பயப்பட வேண்டாம்.

இரண்டாவது முறை நான் வைத்துப் பார்த்த மூன்றில் ஒன்று, காலையில் எனக்குப் பிடித்தேயிருக்கவில்லை. காய்ந்த களிமண் மாதிரி இருந்தது. மாலை ஆறரைக்கு விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினேன், ஒரு கணம் பலகையைக் காணோம். டைல்ஸின் சாம்பலுக்கும் சோபாவின் பழுப்புக்கும் நடுவில் அப்படி இறங்கி உட்கார்ந்திருந்தது. பலகை தனியாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அது பொருந்தவில்லை. அதைத் தேட வேண்டியிருந்தால் பொருந்திவிட்டது. சீட்டைப் பார்த்தேன்: மஞ்சள், கறுப்பு, பெயருக்குக் கொஞ்சம் சிவப்பு.

முடிவைப் போனில் படம் எடுத்து அனுப்பிக் கேட்காதீர்கள். போன் கேமரா தானாகவே வெளிச்சத்தின் மஞ்சளையும் நீலத்தையும் திருத்திக்கொள்ளும். எதைத் தெரிந்துகொள்ள இவ்வளவு பாடுபட்டோமோ அதையே அது அழித்துவிடும். யாருடைய கருத்து வேண்டுமோ அவரை நேரில் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுங்கள்.

கூரையும் கதவும்

கூரைக்கு வழக்கமாக அடிக்கும் பளிச்சென்ற நீல வெள்ளை, பீஜுக்குப் பக்கத்தில் வந்தால் சுவரை அழுக்காகக் காட்டும். மஞ்சளோ சாம்பலோ ஒரு துளி கலந்த வெள்ளையாக எடுங்கள். அதே பீஜையே பாதி அடர்த்தியில் கலந்து தரச் சொல்லிக் கூரைக்கு அடிப்பவர்களும் உண்டு. உயரம் குறைந்த ஹாலில் அது அழகு. கதவு, ஜன்னல் சட்டத்துக்கு வெள்ளை எண்ணெய் எனாமல் அடிப்பதாக இருந்தால், அது நாளாக ஆக மஞ்சளாகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வெளிச்சம் படாத மூலையில் சீக்கிரமே மஞ்சளாகும். தண்ணீரில் கலக்கும் எனாமலில் அந்தத் தொல்லை குறைவு.

பளபளப்பு

ஒரே ஷேட், பளபளப்பில்லாத மேட் பெயிண்டில் ஒரு மாதிரி, லேசாக மினுங்கும் சாட்டினில் ஒரு மாதிரி இருக்கும். மேட் பெயிண்டில் நிறம் மென்மையாக நிற்கும், பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளமும் தெரியாது. ஆனால் கைக்கறை பட்டால் துடைப்பது சிரமம். அழுத்தித் துடைத்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும். சாட்டின் துடைக்க வசதி, ஆனால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவரில் ஒவ்வொரு மேடும் நிழலோடு தெரியும். அதோடு பிற்பாடு ஒரு சின்ன இடத்தை மட்டும் டச்சப் செய்தால் திட்டாகத் தெரியும். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இரண்டுக்கும் நடுவில் வரும் எக்‌ஷெல், அல்லது கழுவக்கூடிய மேட். பலகைக்கு வாங்கும் சின்ன டப்பாவிலும் இதே பளபளப்பு கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

எத்தனை லிட்டர்?

ஹாலின் சுற்றளவை உயரத்தால் பெருக்கிக் கதவு, ஜன்னலைக் கழிக்க வேண்டும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் சுற்றளவு 18, சுவர்ப் பரப்பு 54 சதுர மீட்டர். இரண்டு கதவுக்கும் இரண்டு ஜன்னலுக்கும் சுமார் 8 கழித்தால் 46. இரண்டு கோட்டுக்கு 92. நன்றாகப் பட்டி பார்த்த சுவரில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். 10 என்றே வைத்தால் 9 லிட்டர் சொச்சம். 10 லிட்டர் வாங்குங்கள். மீதி டச்சப்புக்கு ஆகும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே மெஷினில் கலந்து வாங்குங்கள். பீஜில் சாயம் துளித்துளியாகத்தான் விழுகிறது. டப்பாவுக்கு டப்பா அரைத் துளி மாறினாலும் சுவரின் நடுவில் கோடு தெரியும். வீட்டுக்கு வந்ததும் டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு, பிறகு அடிக்க ஆரம்பியுங்கள். அனுபவமுள்ள பெயிண்டர்கள் சொல்லாமலே செய்வார்கள். செய்யாதவரிடம் நீங்கள் சொல்லுங்கள்.

பழைய சுவர் அழுத்தமான நிறமாக இருந்தால் வெள்ளை பிரைமர் அவசியம், இல்லாவிட்டால் பீஜுக்கு அடியிலிருந்து அது எட்டிப் பார்க்கும். புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் நான்கு வாரமாவது உலரவிட்டு, சிமெண்டின் காரத்தன்மையைத் தாங்கும் பிரைமர் அடித்த பிறகுதான் நிறம்.

முதல் கோட் ஏறும் அன்று சாயங்காலம் வீட்டில் இருங்கள். விளக்கைப் போட்டுப் பலகையை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு கோட்டில் நிறம் முழுசாக ஏறியிருக்காது, ஆனால் சாயல் அதேதானா என்று தெரிந்துவிடும். வேறு மாதிரி இருந்தால் இரண்டாவது கோட்டை நிறுத்தி, டப்பாவின் சீட்டையும் சின்ன டப்பாவின் சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அந்தச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டப்பா மூடி துருப்பிடித்தால் முதலில் போவது அந்தச் சீட்டுதான்.